இலைப் பைகள்

"விடுங்கோ அண்ணை, உந்தப் பையளை நான் கொண்டுபோறன்."

சண்முகலிங்கத்தால் நம்ப முடியவில்லை. வெக்ஸ்போர்ட் வீட்டு முற்றத்து மேப்பிள் மரம் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவருடைய இடுப்பை ஒடித்துவிடும். அவர் கூட்டிக் கட்டிய இலைகளை, எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த யசிந்தன் பை பையாகத் தூக்கினான்.

"இலை அள்ளுற சிற்றி லொறி திங்கக்கிழமைதானே வரும், தம்பி?"

"அதுவரைக்கும் எங்கட வீட்டிலை கிடக்கட்டும் அண்ணை."

"இந்தக் காலத்திலை இப்பிடியும் ஒரு பெடியன்!" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி உருகினார். அவள் சுட்ட வடையோடு நன்றி சொல்லப் போனார்.

மணியை அழுத்தியும் ஒருவரும் வரவில்லை. பின்வளவில் ஒரே கூச்சல். வேலிக் கதவைத் தள்ளினார்.

ஒரு மரம்கூட இல்லாத அந்த வளவின் நடுவில் அவருடைய இலைகள் மலையாகக் குவிந்திருந்தன. யசிந்தனின் இரண்டு பிள்ளைகளும் அதற்குள் குதித்துப் புரண்டார்கள். கூடவே யசிந்தனும்.

அவரைக் கண்டதும், தலை நிறைய இலையோடு எழும்பினான்.

"அண்ணை... எங்களிட்டை மரம் இல்லை. பிள்ளையளுக்குக் குதிக்க ஆசை. லொறி வரமுதல் திருப்பி அள்ளிக் கட்டிப்போடுவன்."

சண்முகலிங்கம் வடைத் தட்டைப் படியில் வைத்தார்.

"இலை மட்டும் போதுமே, தம்பி? ஸ்னோ விழட்டும். நீர் என்ரை கார் விடுற டிரைவ்வேயிலை கிடக்கிற முழுத்தையும் அள்ளிக்கொண்டுவந்து இஞ்சை குவியும். பிள்ளையள் சறுக்கி விளையாடட்டும்."

பிள்ளைகள் துள்ளிக் கைதட்டினார்கள். யசிந்தன் தன் இடுப்பைத் தடவிக்கொண்டான்.