விளிம்புக்கு மேல் நாலு விரல்

தொட்டிக்குள் அது இல்லை.

டார்ச்சை இன்னொரு முறை அடித்துப் பார்த்தான். காலை மணி பத்தரைதான். மழை இருட்டு. கண்ணாடிக்கு உள்ளேயும் பழுப்புத் தண்ணீர், வெளியேயும் அதே பழுப்புத் தண்ணீர். தொட்டியின் விளிம்புக்கு மேல் நாலு விரல் உயரத்துக்கு வெள்ளம் நின்றது. மூடியிருந்த பலகை கூடத்து மூலையில் மிதந்துகொண்டிருந்தது.

அவன் தொப்புள்வரை தண்ணீரில் நின்றான்.

அசையாமல் நின்றான்.

வாங்கும்போது அந்த மீன் ஒரு பென்சில் நீளம். முதலைக்கு இருப்பதுபோல நீண்ட வாய். அதைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டான். அலிகேட்டர் கார், முதலைவாய் மீன் என்று கடைக்காரர் பெயர் சொன்னார். நாலு வருஷத்தில் மூன்றடி. உயிர்மீனைப் போட்டால் பக்கவாட்டில் ஒரே வெட்டு. பிறகு செதில்கள் மட்டும் சுற்றும்.

போன ஆவணியில் தொட்டியைக் கழுவும்போது அவன் கட்டைவிரலைப் பிடித்தது. ஏழு தையல்.

"யாருக்காவது குடுத்துடுங்க," என்று அன்றைக்கே சொன்னாள் கோமளா, அவன் மனைவி.

கேட்டுப் பார்த்தான். அவ்வளவு பெரிய மீனை வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஏரியில் விட்டால் அங்கே வேறு மீன் மிஞ்சாது. அப்படியே வைத்துக்கொண்டான். கொடுக்க மனசும் இல்லை.

இப்போது மாமனாரின் இன்சுலினுக்காக இறங்கி வந்திருந்தான். விடியற்காலையில் குடும்பமே மாடிக்கு ஓடியபோது மருந்து ஃபிரிட்ஜிலேயே தங்கிவிட்டது. கூடத்தைத் தாண்டித்தான் சமையலறை.

காலைத் தூக்கி வைக்கப் பயம். தரையோடு தேய்த்துத் தேய்த்து நகர்ந்தான்.

தொடையில் ஏதோ உரசியது.

கையைத் தண்ணீருக்குள் விடத் துணிவில்லை. அது தானாகவே மேலே வந்தது.

தலையணை.

ஃபிரிட்ஜ் சாய்ந்து சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. கதவை இழுத்து மேல்தட்டில் துழாவினான். இரண்டு குப்பிகள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினான்.

களக்.

மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டுப் போகும் சத்தம். நாலு வருஷமாகக் கேட்டுப் பழகியது. கூடத்தில்தான். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"போயிடு," என்று முணுமுணுத்தான். வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. தெருவோடு போய்விட்டால் போதும்.

மாடிப்படி வீட்டுக்கு வெளியே, ஜன்னலை ஒட்டி ஏறியது. கோமளா படியில் குந்தி, ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டினாள். குப்பிகளைக் கொடுத்தான்.





"மீனு?"

"தொட்டியிலதான் இருக்கு. நீ போய் அப்பாவுக்கு ஊசி போடு. வர்றேன்."

அவள் ஏறிப் போனாள். அவன் வாசலைப் பார்த்து நகர்ந்தான். இன்னும் ஆறு தப்படி. நாலு.

"அண்ணே! மேல இடமிருக்கா?"

எதிர்வீட்டு சபியா. இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு தெர்மோகோல் அட்டையை இழுத்துக்கொண்டு, இந்த வாசலை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தாள். அட்டைமேல் அவளுடைய இரண்டு பிள்ளைகள். நாலு கால்களும் தண்ணீருக்குள் தொங்கின. சின்னவள் காலை அடித்து அடித்து நுரை எழுப்பிச் சிரித்தாள்.

"இருக்கும்மா, வெளிப்படியில ஏறுங்க!" என்று கத்தினான். "பிள்ளைங்க காலை மேல தூக்கி வைக்கச் சொல்லு!"

"ஏண்ணே?"

கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. பூட்டலாமென்றால், சாவி மாட்டியிருந்த பலகை எங்கோ மிதந்து போயிருந்தது.

வாசலைத் தாண்ட இரண்டே தப்படி.

அவன் தாண்டவில்லை. உள்ளே நின்றபடியே கதவுக்குத் தோளைக் கொடுத்தான். தண்ணீர் எதிர்த்துத் தள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். தெருவின் வெளிச்சம் ஒரு கோடாகி, அதுவும் போனது.

தாழ்ப்பாளைப் போட்டான்.

இருட்டில் முதுகைக் கதவோடு ஒட்டிக்கொண்டு, அது உள்ளேதான் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.