இல்லாத பிரேக்

பழைய ஃபியட்டின் பிரேக்கைப் புரிந்துகொண்டவர் புனேயிலேயே ஒருவர்தான். அது அப்பா. இதைச் சொன்னவரும் அப்பாதான்.

பெடல் பஞ்சுபோல் அமுங்கவே, பிரேக் லைனில் புகுந்த காற்றைத் தானே வெளியேற்றிவிட்டு, எங்களையும் ஏற்றிக்கொண்டு சோதிக்கக் கிளம்பினார்.

வாகட் பாலத்து இறக்கத்தில், பக்கத்து சீட்டிலிருந்த அம்மா வலது காலால் தரையை அழுத்தினாள்.

"ஏன் வனஜா, அங்க பிரேக் இருக்குன்னு யார் சொன்னா? காலை எடு, அசிங்கமா இருக்கு."

"ஏங்க, முன்னாடி பஸ்ஸு!"

அப்பா மிதித்தார். பெடல் அடிவரை போனது; வண்டி நிற்கவில்லை. அம்மாதான் ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தினாள்.

மெக்கானிக் சரிசெய்த பிறகு அதே இறக்கத்தில் மறுபடி இறங்கினோம். அப்பா வலது காலால் அழுத்து அழுத்தென்று அழுத்தினார்.

ஓட்டியது அம்மா.