மாப்பிள்ளைக்கு முன்சீட்டு

பொன்னாடை அவன் கைக்கு எப்படி வந்தது என்றே தெரியவில்லை.

ஒரு நிமிடம் முன்புவரை அது செங்கோட்டுவேலின் மடியில் இருந்தது. அவர் அவன் மனைவியின் அண்ணன். அபியின் அப்பா. மேடையில் தன் பெயரைக் கூப்பிடப்போகும் நேரத்தில் அதை எடுத்து அவன் கையில் திணித்துவிட்டார்.

"நீங்க போடுங்க மாப்பிள்ளை. அதுதான் மொறை."

மேடையில் மூன்று எம்.எல்.ஏ.க்கள். காரின் பின்சீட்டில் உட்காருகிறவர்களும் பெல்ட் போட வேண்டும், போடாவிட்டால் சும்மா விடமாட்டோம் என்று சட்டத்தை இறுக்கியவர்கள். விபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் சேர்ந்து, திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து அவர்களுக்குப் பாராட்டு விழா எடுத்திருந்தன. மண்டபத்துக்காரர்கள் பழக்க தோஷத்தில் வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்திருந்தார்கள். அதைத் தொட யாருக்கும் கை வரவில்லை.

"இருக்கட்டும் மச்சான். நீங்கதான் போடோணும்" என்றான்.

"அட, போடுங்க."

அவ்வளவுதான். எழுந்துவிட்டான்.

ஒரு தடவை மறுப்பது, மறுதடவை சம்மதிப்பது. அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையானதிலிருந்து அவன் கற்றுக்கொண்டது இதைத்தான். முதல் பந்தி, கறியில் நல்ல துண்டு, ஃபேனுக்கு நேரான நாற்காலி, எல்லாம் அவனுக்கு. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். இரண்டாவது வார்த்தைக்கு உட்கார்ந்துவிட வேண்டும். உட்காராவிட்டால் கோபித்துக்கொண்டதாக அர்த்தம்.

அன்றைக்கும் அப்படித்தான்.

சேலத்தில் ஒரு கல்யாணம். சங்ககிரியில் அவனை ஏற்றிக்கொள்ளக் கார் நின்றது. முன்சீட்டில் அபி. காலேஜ் முதல் வருடம். அப்பா வண்டி ஓட்டினால் பக்கத்தில் அவள்தான், சின்ன வயதிலிருந்தே.

"அபி, பின்னாடி போ. மாமா முன்னாடி உக்காரட்டும்."

"இருக்கட்டும் மச்சான்."

"அட, உக்காருங்க மாப்பிள்ளை."

அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினாள். முகம் சுளிக்கவில்லை. வம்புக்கு இழுக்காமலும் விடவில்லை.

"சீட்டச் சூடு பண்ணி வெச்சிருக்கேன் மாமா. பெல்ட்ட மறக்காம போட்டுக்குங்க. இல்லீன்னா வண்டி காது கிழியக் கத்தும்."

போட்டுக்கொண்டான்.

பின்சீட்டிலும் பெல்ட் இருந்தது. அதை மாட்டிப் பூட்டுகிற இடம் மட்டும் புது சீட் கவருக்கு அடியில் போயிருந்தது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று இழுத்துத் தைத்துப் போட்டிருந்தார்கள். அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

சாலையோரம் நின்ற லாரியும் யார் கண்ணிலும் படவில்லை.

அவன் நெஞ்சின் குறுக்கே பெல்ட் பதிந்த தடம் வெகுநாள் கன்றிப்போய்க் கிடந்தது. அது மறைய மறைய அவனுக்குப் பயமாக இருந்தது. அவள் கொடுத்துவிட்டுப் போனதில் மிச்சம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகும் செங்கோட்டுவேல் மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை. தீபாவளிக்கு வேட்டி சட்டை வந்தது. "வாங்க மாப்பிள்ளை" என்ற குரல் மாறவில்லை. அந்த இடத்தில் என் மகள் இருந்திருப்பாள் என்று அவர் நினைக்காமலா இருப்பார்? கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. ஒரு தடவை திட்டித் தீர்த்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

மேடையில் நடுவில் இருந்த எம்.எல்.ஏ. அம்மாள் தலையைத் தாழ்த்தினார். போர்த்திவிட்டான்.

"உங்களுக்கு யாருங்க?" மைக்கில் விழாதபடி மெதுவாகக் கேட்டார்.

"மச்சான் பொண்ணுங்க. அபிநயா."

அவர் பொன்னாடையைக் கழற்றி, மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் முந்தியே இந்தச் சட்டத்தக் கொண்டாந்திருக்கோணும்" என்றார். கண் கலங்கியிருந்தது. தப்பு செய்தது அவர்தான் என்பதுபோல.

கீழே எல்லோரும் கை தட்டினார்கள். செங்கோட்டுவேலும் தட்டினார். பக்கத்தில் அவருடைய சின்ன மகள் தாரணி செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் சுடிதார். இப்போது அளவு சரியாக இருந்தது.

படியிறங்கும்போது அவனுக்குத் தோன்றியது. பின்சீட்டுக்கு இவர்கள் சட்டம் போட்டுவிட்டார்கள். முன்சீட்டுக்கு யார் போடுவது?

விழா முடிந்து வெளியே வந்தார்கள். கார் வெயிலில் கொதித்துக்கொண்டு நின்றது. வேறு கார். சீட்டுக்குக் கவர் போடவில்லை. தாரணி வழக்கம்போலப் பின்கதவுக்குப் போனாள்.

செங்கோட்டுவேல் முன்கதவைத் திறந்து பிடித்தார்.

"உக்காருங்க மாப்பிள்ளை."

"இருக்கட்டும் மச்சான்."

"அட, உக்காருங்க."

அவன் உட்காரவில்லை.

"வேண்டாங்க மச்சான்."

அவர் கை கதவிலேயே நின்றுவிட்டது.

அவன் தாரணியைத் தாண்டிப் பின்சீட்டில் ஏறினான். பெல்ட்டை இழுத்தான். பூட்டுகிற இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. மாட்டிய பிறகும் அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

கோபித்துக்கொண்டாரோ? நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் துணிவில்லை. அவருடைய வேட்டி மட்டும் கண்ணில் பட்டது. அது அசையாமல் நின்றது.

"அபி" என்றார் செங்கோட்டுவேல். "நீ முன்னாடி வா."

யாரும் திருத்தவில்லை.

தாரணி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். அவள் பெல்ட் போடும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அவர் கதவைச் சாத்தினார்.