சாவு சொன்ன குரல்

சிலேட்டில் எழுதியிருந்ததைப் படிக்க ருக்குமணிக்கு வாய் வரவில்லை.

"உங்க வீட்டுக்காரர் இன்னா சொல்றாரும்மா?" என்றார் வக்கீல் விஜயகுமாரி.

"கோவமா இருக்காருங்க மேடம்."

பச்சையப்பன் சிலேட்டால் மேஜையை ஓங்கித் தட்டினார். எழுதினதை எழுதினபடியே படிடி என்று அர்த்தம்.

"திருட்டு நாயேன்னு எழுதியிருக்காரு" என்றாள் ருக்குமணி, தலையைக் குனிந்துகொண்டே.

எதிரே உட்கார்ந்திருந்த அரிகரன் அதைக் கேட்டும் தலையைக் குனியவில்லை. வில்லியனூரில் மைக்செட் கடை வைத்திருப்பவன் அவன். திட்டு வாங்குகிற மூஞ்சியைப் பாருங்கள், ஒரு கூச்சம் வேண்டாமா!

பச்சையப்பன் கோபத்தில் நியாயம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் மைக் கட்டின ஆட்டோவில் சேதி சொல்லப் போவது அவர்தான். "வருந்துகிறோம்... வருந்துகிறோம்..." என்று அவர் குரல் தெருவில் நுழைந்தால், திருபுவனை கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகிறவன்கூட பைக்கை ஓரம்கட்டிக் கேட்டுவிட்டுத்தான் போவான். வீட்டிலேயே அறிவிப்பைப் பேசிப் பதிவு செய்து, ஒன்று விடாமல் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார்.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆட்டோ கைமாறிப் போனது. சோறு இறங்காது. ஆட்டோ சங்கத்தில் மாதாமாதம் தருகிறார்கள் என்று ருக்குமணி வாங்கி வருகிற சத்துமாவு டப்பாதான் அவருக்கு ஆகாரம்.

இந்த நிலைமையில் ஒருநாள் காலையில் தெருக்கோடியிலிருந்து அவர் குரலே கேட்டது.

"மடுகரை செல்லக்கண்ணு அவர்கள் இயற்கை எய்தினார்..."

செல்லக்கண்ணு செத்ததே பச்சையப்பனுக்கு அப்போதுதான் தெரியும்! அரிகரன் அவருடைய பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, எந்தப் பேரை அடித்தாலும் அவர் குரலில் சொல்கிற மாதிரி செய்துவிட்டான்; மாசக்கணக்காக வெளியூர்களில் அது ஓடிக்கொண்டிருந்ததாம். மனுஷனுக்கு ஆத்திரம் வருமா வராதா?

நேராக வக்கீலிடம் போனார். நோட்டீஸ் பறந்தது.

"இதோ பாருங்க அரிகரன்" என்றார் விஜயகுமாரி. "பேசினதும் இவரு, பதிவு பண்ணதும் இவரு. காப்பிரைட் இவருக்குத்தான். கேக்காம எடுத்துப் பொழப்பு நடத்தினா கேஸுதான். யாராவது உங்களுக்கு அனுமதி கொடுத்தாங்களா? கொடுத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அரிகரன் ஒருதரம் ருக்குமணியைப் பார்த்தான்.

"யாரும் கொடுக்கல மேடம். அண்ணன் மைக் ரிப்பேருக்குக் கொடுத்தப்ப நானேதான் எடுத்தேன். தப்புதான்."

"வுட்டுடலாமே மேடம்" என்றாள் ருக்குமணி அவசரமாக. "போன குரலு. எங்கயோ கேட்டுட்டுப் போவுது..."

பச்சையப்பன் அவளை முறைத்தார். சிலேட்டைத் துடைத்து எழுதி அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"குரல்தான் போச்சு. மானமும் போவணுமாங்கறாரு."

அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? அரிகரன் லேப்டாப்பைத் திறந்தான்.

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் கேக்கறீங்களாண்ணே?"

பச்சையப்பன் சிலேட்டை மடியில் கவிழ்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினார். அரிகரன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இனி அந்தக் குரலைத் தொடமாட்டேன் என்று மன்னிப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

ருக்குமணி அழுதாள்.

"அதான் ஜெயிச்சாச்சேம்மா, ஏன் அழுவறீங்க?" என்றார் வக்கீல்.

சாயந்தரம் பச்சையப்பன் வீட்டு வாசலில் நின்று, மன்னிப்புக் காகிதத்தைப் பக்கத்து வீட்டு ஆதிமூலத்திடம் காட்டிக்கொண்டிருந்தார். ஆதிமூலம் படித்துவிட்டு, "இப்படித்தாம்பா வுடக்கூடாது இவனுங்கள!" என்று அவர் தோளைத் தட்டினார். ரொம்ப நாளைக்குப் பிறகு பச்சையப்பன் முகத்தில் சிரிப்பு.

அப்போது பைக்கில் வந்து இறங்கினான் அரிகரன். கையில் வாய் கட்டின ஒரு துணிப்பை.

பச்சையப்பனுக்கு எங்கிருந்துதான் அத்தனை வேகம் வந்ததோ! பையைப் பிடுங்கித் தெருவில் வீசினார். தொண்டை ஓட்டையை மூடியிருந்த துணி படபடக்க, மூச்சு வாங்க உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினார்.

"வேணும் இவனுக்கு" என்று முனகிக்கொண்டே ஆதிமூலமும் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

ருக்குமணி ஓடிப்போய்ப் பையை எடுத்தாள். முடிச்சு அவிழ்ந்து, உள்ளேயிருந்து ஒரு டப்பா உருண்டு சாக்கடை ஓரம் நின்றது. அதே சத்துமாவு டப்பா.

"வக்கீல் கேட்டப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றான் அரிகரன், குரலைத் தாழ்த்தி. "அண்ணன் புரிஞ்சிக்கமாட்டாரா?"

"உனக்குத்தாம்பா கெட்ட பேரு. என்னை மன்னிச்சிடு."

"அத வுடுங்க. அடுத்த மாசத்துக்கு இன்னா பண்ணுவீங்க?"

ருக்குமணி குனிந்து டப்பாவை எடுத்தாள். டப்பாவில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள்.

"சங்கத்துலேருந்து வருதுன்னு சொல்லித்தான் இன்னிவரைக்கும் குடிக்க வச்சேன். பீரோவுலேருந்து அவரு குரலை எடுத்து உன் கையில கொடுத்ததே நான்தான்னு தெரிஞ்சா, அந்தக் குரலு சம்பாரிச்ச இந்தக் கடைசி டப்பாவைக்கூடக் குடிக்கமாட்டாருப்பா."