அந்தப் பக்கத்துப் பட்டியல்

மூன்று வாரம் ஒற்றை விரலால் தட்டிய சங்கத்துப் போனஸ் பட்டியலை உள்ளே வைத்துக்கொண்டு, மூட்டை தூக்கும் கதிர்காமனின் லேப்டாப்பில் விண்டோஸ் எழும்ப மறுத்தது. நாலு மணிக்குள் பட்டியலைக் கொடுக்காவிட்டால் யாருக்கும் போனஸ் கிடையாது.

பழுதுபார்க்கும் பர்வீன் பென்டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைக் கிளப்பிப் பட்டியலைத் திறந்தாள். "தினமும் மூடியை மட்டும் சாத்திட்டுப் போயிருக்கீங்க அண்ணே. அந்த விண்டோஸ் பக்கம் இன்னும் தூக்கத்துல இருக்கு. அங்க எழுதப் போனா எல்லாம் கலைஞ்சிரும். பார்த்து நகல் எடுக்கலாம், அவ்வளவுதான்."

பட்டியலில் ஐம்பத்திரண்டு பேர் இருந்தார்கள். "நீ எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள லாரி ஊர் போய்ச் சேந்திரும்" என்று கேலி செய்த சக தொழிலாளி சுடலைமுத்துவை மட்டும் கதிர்காமன் வீம்புக்குச் சேர்க்காமல் விட்டிருந்தார். இப்போது நினைத்ததும் சிரிப்பு வந்தது. அவன் பெயரைச் சேர்க்க விரல் தானாகக் கீபோர்டுக்குப் போனது.

"இங்க தொடாதீங்க. நகல்ல சேத்துக்கோங்க" என்றாள் பர்வீன்.

நாலு மணிக்கு முன் கொடுத்த நகலில் சுடலைமுத்து ஐம்பத்து மூன்றாவது ஆளாக வந்து நின்றான். அந்தப் பக்கத்துப் பட்டியலோடு தூங்கிய பழைய கோபத்தை யாரும் எழுப்பவில்லை.