ஞாயிறு ஓவர்டைம்

ஊரில் யுத்தம் முடிந்த வாரம். வெளிநாட்டில், மல்வேர்ன் தமிழ்ச் சபையில் போதகர் கேட்டார்.

"ஆண்டவரிட்டை இரவில ஒளிச்சு வந்த நிக்கொதேமு, சீஷர்களே பயந்து ஓடினபோது ஆண்டவரின்ர உடலை அடக்கம் செய்யத் துணிஞ்சு வந்தவர். இஞ்ச ஒளிச்சு வாற ஆராவது எழும்புவியளோ?"

முக்காட்டை இழுத்துவிட்டு முன்வாங்கிலிருந்து நளாயினி எழுந்தாள்.

"என்ர மனுசன் முருகன் கோயில் தலைவர். பயத்தில ஓவர்டைம் எண்டு பொய் சொல்லிப்போட்டு வாறனான். இஞ்ச செபிச்சபடியே என்ர தம்பி அகதி முகாமில உயிரோட இருக்கிறானாம். இனி ஒளிக்கமாட்டன். இண்டைக்கே வீட்டை போய் அவரிட்டைச் சொல்லுவன்."

"வீட்டை போகத் தேவையில்லை!"

ஆண்கள் பக்கம், கடைசி வாங்கில் அவள் கணவர் சிவபாதம் எழுந்து நின்றார்.

"உன்னைக் கையும் மெய்யுமாப் பிடிக்கத்தான் நாலு மாசத்துக்கு முந்திப் பின்னால வந்தனான். அண்டையில இருந்து கோயில்காரரிட்டை நானும் ஞாயிறு ஓவர்டைம் எண்டுதான் சொல்லுறன்!"