பஞ்சுவின் தலையணை

“இந்த நஞ்சுதான் எங்கட பூனையக் கொல்லுது” என்று வெறுங்குழாயை மேசையில் வைத்தார் பாரூக் ஹாஜியார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எறிந்தார்.

கட்டுகஸ்தோட்டையில் மிருக வைத்தியம் பார்க்கும் டொக்டர் நிரஞ்சலா குழாயை எடுத்துப் பார்த்தார். தெள்ளுப்பூச்சிக்கென்று அவரே எழுதிக் கொடுத்த சொட்டு மருந்துதான்.

கூடைக்குள் பூனை பஞ்சு, முகம் வீங்கிக் கிடந்தது. ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து விட்டது. கூடையை மடியில் வைத்திருந்தாள் ஹாஜியாரின் மனைவி சகீனா. பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளையாக வளர்ந்தது அது. அதன் பிடரியில் அந்த மருந்தை விட்டதும் அவள் கைதான். வீட்டிலிருந்து இங்கே வரும்வரை, ஓட்டோக்காரருக்கும் கேட்கும்படி, ஹாஜியார் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

அவர் சொன்னால் ஊரே நம்பும். புடவைக்கடைக்காரரான அவர் முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு மட்டுமே தொப்பி போடுவார். இரண்டு மாதமாக அது கடையிலும் இறங்குவதில்லை, வீட்டிலும் இறங்குவதில்லை. வழுக்கைத் தலைக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. பள்ளிவாசலுக்கு அடுத்த தலைவர் அவர்தான் என்று பேச்சுக்கூடக் கிளம்பிவிட்டது.

சகீனாவுக்கும் உள்ளூரப் பெருமைதான். இரவில் விளக்கை அணைத்த பிறகே அவர் தொப்பியைக் கழற்றிக் கட்டிலோரம் வைப்பார். உடனே பஞ்சு வந்து அதில் தலைவைத்துப் படுத்து, நக்கி நக்கியே தூங்கிப்போகும். பூனைக்கும் பக்தி முற்றிவிட்டது என்று பக்கத்து வீட்டு அனீஸா சொல்லிச் சிரிப்பாள்.

டொக்டர் பூனையை நிறுத்துப் பார்த்தார். நாய்க்குரிய மருந்தைப் பூனைக்கு விட்டிருந்தால் உடம்பு நடுங்கி வலிப்பு வந்திருக்கும், இதற்கு அப்படி ஒன்றும் இல்லை என்றார். சகீனா விட்டது பூனை மருந்துதான், அளவும் சரி, இடமும் சரி. வேறு ஏதாவது உடம்பில் பட்டதா என்று கேட்டார்.

சகீனா யோசித்துப் பார்த்தாள். படுவதற்கு வீட்டில் என்ன இருக்கிறது? பூனைக்கு ஆகாது என்று போனில் எதையோ பார்த்துவிட்டு, அவளுடைய முழங்கால் தைலம், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பவுடர் எல்லாவற்றையும் ஹாஜியார் போன மாதமே குப்பையில் போட்டுவிட்டார். முழங்கால் மட்டும் இன்னும் வலிக்கிறது.

டொக்டர் பஞ்சுவின் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“நெஞ்சுக்குள்ள நீர் கட்டியிருக்கு. வீட்டில ஆராவது தலைமயிர் வளர மருந்து பூசுறவையோ? மனிசருக்கு ஒண்டும் செய்யாது. பூனை கொஞ்சங்கொஞ்சமா நக்கினாலே காணும், உயிருக்கு ஆபத்து. எதெண்டு தெரிஞ்சால்தான் நான் காப்பாத்தப் பாக்கலாம்.”

ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். தன்னைப் போன்றவர்களுக்கு அழகு பார்க்க எங்கே நேரம், மண்ணுக்குப் போகிற உடம்பு என்று டொக்டருக்குப் பள்ளிவாசல் பிரசங்கம் போல ஒரு சின்னப் பயானே செய்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

“ஒளிக்காமச் சொல்லு சகீனா. எனக்குத் தெரியாம என்னத்தப் பூசுற?”

இருபத்தைந்து வருடமாக அவர் கேட்டால் பதில் சொல்லியே பழகிய சகீனா, இப்போது நிமிர்ந்து அவரையே பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தும் அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. வெள்ளைத் தொப்பியின் விளிம்பு பழுப்பேறிப் பிசுபிசுத்திருந்தது. அதில் பஞ்சுவின் மயிர் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

கூடைக்குள் மூச்சு ஒருமுறை நின்று, பிறகு வந்தது.

சகீனா எழுந்து நின்றாள்.

“தொப்பியக் கழட்டுங்க.”